வாயின் ஓரம்

ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி. பானுமதி கணவனின் வாயை மறுபடியும் ரப்பரால் அழித்தாள்.

கண் வந்துவிட்டது. மூக்கும் ஒருவாறு பிடிபட்டுவிட்டது. வாய்தான் வரமாட்டேன் என்றது. பார்த்தபடி வரைந்தால் ஒரு ஓரம் கீழே இறங்கியது. சமமாக இழுத்தால் மீசை வைத்த பொம்மை ஆகிவிட்டது.

அவளுடையது பொம்மைக்குப் பழகிய கை. செராமிக் பொம்மைகளுக்குக் கண்ணும் வாயும் தீட்டுவதுதான் வேலை. அச்சில் பிறந்த முகங்கள். இந்தப் பாதிபோலவே அந்தப் பாதியும் இருக்கும். இப்போது வாங்குகிறவர்கள் பீங்கான் தட்டில் ஆள் முகம் வரைந்து கேட்கிறார்களாம். வீட்டில் யாரையாவது சாயலோடு வரைந்து கொண்டுவா, அந்த வேலையை உனக்கே தருகிறேன் என்று முதலாளி மாணிக்கவேல் சொல்லியிருந்தார். நாளைக்குக் காட்ட வேண்டும்.

பழமலைநாதன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். விருத்தாசலம் - வேப்பூர் பஸ் ஓட்டுகிறவன். சாயங்கால டிரிப்புக்குக் கிளம்ப வேண்டும். எட்டிப் பார்த்தான்.

"இன்னா பானு, பல்லு புடுங்கிட்டு வந்தவன் மாறி இருக்குது. எம்மேல எதுனா கோவமா?"

சிரித்துவிட்டாள். படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், கோணல் தானாகத் தெரியும் என்று போன் வீடியோவில் படம் வரையக் கற்றுத்தருகிறவர் சொல்லியிருந்தார். பீரோ கண்ணாடி முன் தாளைப் பிடித்தாள். கோணல் இருந்தது, பக்கம் மட்டும் மாறியிருந்தது. தாளுக்கு மேலே, கண்ணாடிக்குள், அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். டீ வாயோரம் வழிந்து தாடையில் இறங்கியது. அவன் துடைக்கவில்லை.

துடைக்கச் சொன்னாள். எதை என்று கேட்டான்.

முந்தாநாள் வழியெல்லாம் ஜன்னல் காற்று கன்னத்தில் அடித்ததாம். அதிலிருந்து அந்தப் பக்கம் மரத்தாற்போல இருக்கிறதாம். டீகூட ருசிக்கவில்லையாம். சாதாரணமாகத்தான் சொன்னான்.

அவள் சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்தாள். அதிலும் ஒருபக்கமாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தான். அப்படியென்றால் எப்போதுமே இப்படித்தானா? போனில் தேடினாள். அவன் எடுத்துக்கொண்ட செல்ஃபிகளில் வலது எது, இடது எது என்றே விளங்கவில்லை. பதினோரு வருஷமாக எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற வாய். போன வாரம் எப்படி இருந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. நேற்று வரைந்தபோதும் அந்த ஓரம் இறங்கியது. தன் கைதான் தப்பு என்று நிமிர்த்தி வைத்திருந்தாள்.

அவன் எழுந்து காக்கிச் சட்டையை மாட்டினான்.

"செத்த இருங்க" என்றாள். "கண்ண இறுக்கி மூடுங்க. ரெண்டையும்."

படத்துக்குத்தான் என்று நினைத்து மறுபடி உட்கார்ந்தான். முகத்தைத் தூக்கிக் காட்டினான். ஒரு கண் மூடியது. மற்றதில் இமை பாதியில் நின்றது. கீழே வெள்ளை தெரிந்தது.

"மூடிட்டுதான இருக்கறன், எவ்ளோ நேரம்? பஸ்ஸுல சனம் ஏறி உக்காந்திருக்கும் பானு. நான் போவட்டா?"