நாற்பத்திரண்டாவது ஆள்

ஊசியக்காவுக்குச் சில நாளாகவே வயிறு எரிந்துகொண்டிருந்தது. மருந்து அறைச் சாவியே அவள் இடுப்பில்தான் தொங்குகிறது. ஆனால் இந்த எரிச்சலுக்கு அங்கே மாத்திரை இல்லை. எரிச்சலின் காரணம் சின்னவள், கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்தி.

விஷயம் இதுதான். அந்த மண்ணில் எல்லாருக்கும் முந்தி வாழ்ந்து, எல்லாவற்றிலும் பிந்தி நிற்கிறவர்கள் மேட்டுக் குடியிருப்புக்காரர்கள். அந்தப் பழங்குடியில் முதன்முதலாக நர்ஸ் படிப்பு முடித்து வெள்ளை உடுப்பு போட்டவள் ஊசியக்கா. பத்தொன்பது வருஷமாக அவள் நடந்து வந்தால் குடியிருப்பே ஒதுங்கி வழிவிடும். சின்னவளோ எட்டாவதோடு நின்றவள், நேற்றுவரை அதே ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள். அவள் கழுத்தில் இப்போது அட்டை, கையில் நோட்டு, அட்டையில் "ஆய்வாளர்" என்ற பட்டம்!

பட்டம் கொடுத்தது குடியிருப்புக் குழு. இதற்கு முன் மூன்று தடவை வெளியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து தலையை அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். போனவர்கள் போனவர்கள்தான், சோதனை முடிவுகூடத் திரும்பி வரவில்லை. நான்காவதாகப் பல்கலைக்கழகத்து அம்மா ஒருவர் வந்தபோது குழு கறாராகச் சொல்லிவிட்டது: கேள்வி எங்களுடையது, கேட்கிறவர்களும் எங்கள் ஆட்கள், முடிவை முதலில் எங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். அந்த அம்மாவும் ஒத்துக்கொண்டார். ஆள் தேடினால் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நம்பி ஊசியக்கா புதுப் பேனாகூட வாங்கி வைத்திருந்தாள். பேனா இன்னும் உறை பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது.

குழு வைத்த கேள்வி ஒன்றே ஒன்று: நம் பெண்கள் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிப் பரிசோதனைக்குப் போகிறார்களா, இல்லையா?

ஊசியக்காவைக் கேட்டிருந்தால் பதிவேட்டைத் தூக்கிக் காட்டியிருப்பாள். காலையில் வந்து சீட்டு வாங்குவார்கள். இவள் முன்பக்க ஜன்னலில் நின்று மூன்று தடவை பெயரைக் கூப்பிடுவாள். ஆள் வராவிட்டால் சிவப்பு மையில் "வரவில்லை". மத்தியானம் வந்து தலையை நீட்டினால், "கூப்பிட்டப்ப எங்க போன? அடுத்த வாரம் வா." மேட்டுக்காரர்கள் பெயருக்கு நேரே ஒரே சிவப்பு. அதைப் பார்த்துத்தான் பெரிய டாக்டர், "சீட்டு வாங்கிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிடறாங்க. அக்கறையே இல்ல, செவ்வாய்க்கிழமையை எடுத்துடலாம்" என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு. எடுத்துவிட்டால் அடுத்த இடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போன வருஷம்தான் ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, குடியிருப்பில் ஒரு பெண் வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள்.

இந்த நேரத்தில் சின்னவளின் நோட்டு வேறு கதை சொன்னது.

"யாரும் ஓடலக்கா. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி கல்லு மேலதான் உக்காந்திருக்காங்க. எட்டு வாரத்துல அப்படி உக்காந்து, டாக்டரைப் பாக்காமலே திரும்பினவங்க நாப்பத்தொரு பேர்."

"என் குரலுக்கு ரோட்டுல போற பஸ்ஸே நிக்கும்டி. இவங்களுக்கு மட்டும் கேக்காதா?"

"நீங்களே ஒரு நாள் வந்து பாருங்களேன்."

"பாக்கத்தான் போறேன். கூட்டத்துக்கு என் பதிவேடும் வரும். அப்புறம் தெரியும் யாரு ஆய்வாளர்னு."

வீட்டில் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "அவ தப்பா எழுதினாள்னு கோவமா, அவ எழுதினாளேன்னு கோவமா?"

"சாப்பிட்டாச்சுல்ல? தட்டை எடுத்துட்டு எழுந்திருங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை ஊசியக்கா லீவு போட்டாள். உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று தன் பெயருக்கே ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். சின்னவளின் கணக்கைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் திட்டம். கல் மேல் ஆறு பெண்கள் இருந்தார்கள். கடைசியில் நோட்டோடு சின்னவள். தடுப்பூசிக் குளிர்பெட்டிக்காகத் தினமும் ஓடும் ஜெனரேட்டர் பக்கத்திலேயே தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அட, அக்காவா? உடுப்பு இல்லாம அடையாளமே தெரியல" என்று ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"முன்னாடி பெஞ்சு காலியாக் கிடக்கு. இங்க ஏன் வெயில்ல காயறீங்க?" ஜெனரேட்டரை மீறிக் கத்த வேண்டியிருந்தது.

"நாங்க உக்காந்தா பக்கத்துல இருக்கறவங்க எழுந்து நிக்கறாங்கக்கா. பாவம், அவங்களுக்குக் கால் வலிக்குமேன்னு நாங்களே வந்துட்டோம்."

எல்லாரும் சிரித்தார்கள். எட்டு மாத வயிற்றுக்காரி மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "முந்தி இருந்த வாட்ச்மேன்தான் எங்க அம்மா காலத்துல பின்னாடி போங்கன்னாரு. அவரு ரிட்டயர் ஆயிட்டாரு. நாங்க இன்னும் ஆகல."

ஊசியக்கா, யாராவது கடைத்தெருப் பக்கம் நழுவுகிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒருத்தியும் அசையவில்லை. காதையும் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஒன்பது ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. கேட்டதெல்லாம் தடதட. பன்னிரண்டு மணிக்குப் பொறுக்க முடியாமல் எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

புதிதாக வந்திருந்த மாற்று நர்ஸ் தலை நிமிரவே இல்லை. "கூப்பிட்டப்ப எங்க போனீங்க? அடுத்த வாரம் வாங்க."

மேஜை மேல் பதிவேடு திறந்து கிடந்தது. எட்டாவது வரியில் ஊசியக்காவின் பெயர். நேரே சிவப்பில்: வரவில்லை.

கையை நீட்டிப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். மாற்று நர்ஸ் ஏதோ கத்தினாள்; இவள் காதில் விழவில்லை. போன வருஷத்துப் பக்கங்களைப் புரட்டினாள். செத்துப்போனவளின் பெயர் மூன்று செவ்வாய்க்கிழமை தொடர்ந்து இருந்தது. மூன்றும் சிவப்பு. எல்லாம் குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய ஊசியக்காவின் அதே கையெழுத்து.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சின்னவள் நோட்டை வரி விடாமல் படித்தாள். முடித்ததும் பெரிய டாக்டர் திரும்பினார்.

"பதிவேடு ஒண்ணு சொல்லுது, நோட்டு ஒண்ணு சொல்லுது. சிஸ்டர், எது சரி?"

"பதிவேடு" என்ற ஒரு சொல் போதும், சின்னவளின் அட்டை கழன்று விழுந்துவிடும். மறைப்பானேன், அந்தச் சொல் ஊசியக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டுப் பதிவேட்டைத் திறந்து டாக்டர் முன்னால் வைத்தாள்.

"எட்டாவது வரியைப் பாருங்க."

"இது உங்க பேராச்சே?"

"எட்டு மணியிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் பின்னாடி கல்லு மேலதான் இருந்தேன். எனக்கே கேக்கல." பிறகு பழைய பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தாள். "இவளும் கடைத்தெருவுக்குப் போயிருக்க மாட்டா டாக்டர். நான் எழுதினதுதான்."

செவ்வாய்க்கிழமை நிலைத்தது. ஜெனரேட்டரை அடுத்த மாதம் தூரமாக வைப்பதாகவும், அதுவரை நர்ஸே நேரில் போய் அழைப்பதாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். குழு அதோடு விடவில்லை. மறுவாரமே குழு மொத்தமும் கர்ப்பிணிகளோடு முன்பக்கப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. எழுந்து நின்றவர்கள் நின்றார்கள். அரை மணியில் கால் வலித்துத் தாங்களே உட்கார்ந்துவிட்டார்கள்.

அறிக்கை அச்சாகி வந்தது. அட்டையிலேயே சின்னவளின் முழுப் பெயர். ஊசியக்கா முன்னும் பின்னுமாகப் புரட்டினாள்.

"இதுல நான் எங்கடி?"

"பதினோராம் பக்கம் பாருங்கக்கா. நாப்பத்திரண்டாவது ஆள். அன்னிக்கு இருந்த மத்த ஆறு பேரும் ஏற்கெனவே நோட்டுல இருந்தவங்க."

"பேரு?"

"சீட்டு வாங்கினவங்க பேரை வெளிய போடக் கூடாதுன்னு குழு முடிவு. ஆராய்ச்சி பண்ணவங்க பேரு மட்டும்தான்."

"அந்த எட்டாவது வரியைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நாப்பத்திரண்டாவது ஆள்தான்க்கா" என்றாள் சின்னவள், முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல். "பக்கத்துலயே எழுதியிருக்கேன், படிங்க. அக்கா, ஒரு பேனா இருக்கா? என்னோடது தீந்துபோச்சு."

உறை பிரித்த புதுப் பேனா ஊசியக்காவின் சட்டைப் பையில்தான் இருந்தது. அன்று காலை அதில்தான் பதினாலு பேருக்கு நேரே "வந்தார்" என்று நீல மையில் எழுதியிருந்தாள்.

"இல்ல" என்றாள்.