சவரியைக் கூப்பிட்ட அட்டை

கண்ணுங்களா, எழுபத்து நாலாம் வருஷம் சவரிராயன் சேலத்தில் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்தான். கம்ப்யூட்டர் புரோகிராம் என்றால் அவனுக்கு வேப்பங்காய்.

"பாலம் கட்டப் போறவனுக்கு அது எதுக்குடா? பாசானாப் போதும்" என்பான்.

அறைத்தோழன் ஸ்தனிஸ்லாஸ்தான் இருவருக்கும் புரோகிராம் எழுதுவான். வரிக்கு ஓர் அட்டை. எழுத்துக்குப் பதிலாகத் துளைகள். கட்டாகக் கட்டி மதராசுக்கு அனுப்பினால், அங்குள்ள கம்ப்யூட்டர் விடையை அச்சடித்துத் தரும்.

தவக்காலத்தில் மஞ்சள்காமாலை வந்து ஸ்தனிஸ்லாஸ் கண்ணை மூடினான்.

இரண்டு மாதம் கழித்துக் கல்லூரியில் ஏரிக்கரைச் சுவருக்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். சவரி இறந்தவனின் பெட்டியிலிருந்த பழைய சுவர்க் கணக்கு அட்டைக்கட்டை எடுத்து, பெயர் அட்டையையும் அளவு அட்டையையும் மட்டும் மாற்றி அனுப்பினான். வந்த தாளில் விடை இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் ஒரே வரி:

"சவரி, தப்பு. திரும்பப் பார்."

செத்தவனே பேசுகிறான் என்று நினைத்தான். அன்றைக்கே பஸ் ஏறிப் பென்னாகரம் போய், ஸ்தனிஸ்லாசின் தாய் புஷ்பமேரியிடம் படித்துக் காட்டினான்.

"பெத்தவ இங்க கெடக்கறேன். உன்னையத்தான் கூப்புட்டானா?" என்றாள். பிறகு முகம் மாறியது. "தப்புங்கறானே சவரி... உத்தரிக்கிற ஸ்தலத்துல, செஞ்ச பாவத்துக்கு நெருப்புல வேகறானா எம்மவன்?"

அன்றோடு சோற்றை விட்டாள். மகனின் ஆத்துமத்துக்காக ஒருசந்தி நோன்பு. மூன்றாம் வாரம் அவள் மகள் ராஜமேரியின் கடிதம் வந்தது: 'ஆத்தாவால் எழுந்து நிற்க முடியவில்லை.'

சவரி அப்போதுதான் கம்ப்யூட்டர் புத்தகத்தைத் திறந்தான். நூற்றுப் பதினாறு அட்டைகள். ஒவ்வொரு துளையாக எழுத்துக் கூட்டினான். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று புரிகிறவரை விடவில்லை. எழுபத்திரண்டாவது அட்டையில் தன் பெயரைக் கண்டான். அந்த அட்டையை எடுத்துக்கொண்டு பென்னாகரத்துக்கு ஓடினான்.

"செவுரு இருவது அடிக்கு மேல போனா இப்படி அச்சடிக்கணும்னு அவன் உசுரோட இருக்கயிலயே எழுதி வெச்சதுங்க அத்தை. பன்னெண்டு அடிய நான் நூத்தி இருவதுன்னு குடுத்துட்டேன். தசமப் புள்ளிய எப்பவும் தப்பாத்தான் வெப்பேன், அவனுக்குத் தெரியும்."

"அப்ப வேகலியா?"

"இல்லீங்க அத்தை."

ராஜமேரி கொடுத்த கஞ்சியை இரண்டு மடக்குக் குடித்தாள் புஷ்பமேரி. அட்டையை வாங்கி, துளைகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இத எடுத்துட்டா அவன் இனிமே பேச மாட்டானா?"

"ஆமாங்க."

சட்டென்று அட்டையை அவன் கையில் திணித்தாள்.

"இருந்த எடத்துலயே சொருவிடு, கண்ணு. எடம் மாறிடப் போவுது."

சவரிக்கு அந்த இடம் இப்போது தெரியும்.