மலர்க்கொடியின் எடை

மலர்க்கொடிக்கு வாய் கொஞ்சம் நீளம். அவளுடைய உடம்பைப் பற்றி யாராவது பேசினால் இன்னும் நீளும். அதனால்தான் மகள் அன்புக்கரசி போனில், "யம்மா, டிக்கெட்டு போடணும், உன் வெயிட்டு இன்னா?" என்று கேட்டபோது, பக்கத்து வீட்டுப் பெண்கள் காதில் விழும்படி, "அம்பத்தஞ்சுதான்டி" என்று அடித்துவிட்டாள்.

அன்புக்கரசி அருணாசலப் பிரதேசத்தில் ஒரு மலையூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தலைப்பிரசவம். மாதம் நெருங்கிவிட்டதால் அவள் வியாசர்பாடிக்கு வர முடியாது, அம்மாதான் போக வேண்டும். அங்கே மலைப்பாதை மழையில் சரிந்து கிடந்தது. கடைசிக் கட்டத்துக்கு ஒரு குட்டி விமானம்தான் வழி.

மறுநாள் மகள் அதன் படத்தை அனுப்பினாள். மூக்குக்கு இரண்டு பக்கமும் விசிறி.

"இன்னாடி, ஷேர் ஆட்டோக்கு ரெக்க வெச்ச மாதிரி கீது?"

"சிரிக்காதம்மா. மலைக்கு நடுவுல துண்டு ரன்வே. அதுல இதுதான் எறங்கும். ஆளையும் பையையும் எடை போட்டுத்தான் ஏத்துவாங்க. நீ சொன்ன வெயிட்டுக்கு ஒரு பை எடுத்தாரலாம்."

மலர்க்கொடி போனை வைத்தாள். நேரே வண்ணாரப்பேட்டைக்குப் போய், தவசிமுத்து அண்ணாச்சி மண்டியில் வெங்காய மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றாள். எழுபத்தொன்பது. கடையே பார்த்தது.

"தராசு ரிப்பேரா அண்ணாச்சி?"

"மூட்டைக்குச் சரியாத்தானம்மா காட்டுது."

அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அங்கேயே போனை எடுத்து, "எயுபத்தொம்போதுடி! என்னிய ஏத்துவாங்களா, மாட்டாங்களா?" என்று கத்தினாள்.

விசாரித்துவிட்டு மகள் திரும்பக் கூப்பிட்டாள். "உனக்கு எடம் கீதும்மா. பைக்குத்தான் இல்ல."

வீட்டில் பையைப் பிரித்தாள். லேகியம், பூண்டு, காசிமேட்டுப் பால்சுறாக் கருவாடு எல்லாவற்றையும் மனசில்லாமல் வெளியே எடுத்து வைத்தாள். அடியில் ஒரு பழைய நூல் புடவை. அன்புக்கரசிக்குத் தூளி கட்டியது. அதை விட்டுவிட்டுப் போக அவளால் முடியவே முடியாது.

மறுவாரம் ஆட்டோ ஏற வந்தவளைப் பார்த்து பக்கத்து வீட்டு தேவப்பிரியம் வாயைப் பிளந்தாள். விமானத்துக்கென்றே வாங்கி, தெரு முழுக்கக் காட்டிய பட்டு எங்கே? உடம்பில் இருந்தது சாயம் போன, ஒட்டுப் போட்ட புடவை.

"இன்னாக்கா இது கோலம்?"

"பட்டு வூட்லயே கெடக்கட்டும். கட்டிகினு போற பொடவய எவன் தனியா எடை போடுவான்? எறங்குன ஒடனே அவ நைட்டிய மாட்டிகினு, கொயந்தைக்கு இதுலயே தூளி கட்டிருவேன்."