மச்சினன் முறுக்கிய கம்பி

என் மச்சினன் தவசிமுத்து ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். நல்லவன். அவன் நல்லவனாக இருப்பதுதான் எனக்கு வாய்த்த தொல்லை. எதைக் கையில் கொடுத்தாலும் இன்னொரு சுற்று முறுக்கி வைக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. எங்கள் வீட்டில் அவன் மாட்டிய குழாயை இன்றுவரை ஒருத்தராலும் கழற்ற முடியவில்லை.

நான் கடற்படையில் முக்குளிக்கும் வேலை பார்த்து வெளியே வந்தவன். அப்போது, தொண்ணூற்று மூன்றில், தூத்துக்குடியில் கப்பல்களின் அடிப்பாகம் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவுக்குத் தளவாய்புரம் வரும்போது காற்றுச் சிலிண்டர் இரண்டையும் கூடவே கொண்டுவந்துவிடுவேன். விட்டுவிட்டு வந்தால் களவு போய்விடும் என்ற பயம்தான். அந்தப் பயம் ஒருநாள் பிரயோசனப்பட்டது.

சோழபுரத்தில் ஒரு கிணற்றின் அடியில், மலைப்பக்கமாகச் சுரங்கம் குடைந்து ஊற்றுத் தேடிக்கொண்டிருந்தார் மலைச்சாமி. ஊற்று சுரங்கத்துக்குள் வராமல் கிணற்றுத் தரையைப் பிளந்துகொண்டு வந்தது. வெளியே நின்றவர்கள் ஏறித் தப்பித்துவிட்டார்கள். தண்ணீர் சுரங்க வாயை மூடிவிட, மலைச்சாமி உள்ளே மாட்டிக்கொண்டார். சுரங்கம் போகப் போக மேடாகும் என்பதால் கடைசியில் கொஞ்சம் காற்று தங்கியிருந்தது. மேலே பாறையில் காதை வைத்தால் அவர் உளியால் தட்டுவது கேட்டது. ஆயில் இன்ஜின்கள் இறைத்து இறைத்துப் பார்த்தும் தண்ணீர் இறங்கவில்லை. உள்ளே இருக்கிற காற்று தீர்வதற்குள் ஆளை எடுத்தாக வேண்டும். அவர் மனைவி வெள்ளத்தாய் பாறையில் வைத்த காதை எடுக்கவே இல்லை.

என்னைக் கூட்டிப்போனார்கள். தவசிமுத்துவும் வந்தான். அவன் வராத இடம் ஏது?

போய் இறங்கியதுமே ஆரம்பித்தது. "ஏலே, எல்லாரும் பீடியை அணைங்கலே, கேஸு சிலிண்டரு!" என்று ஒரு பெரியவர் கத்தினார். காற்றுத்தான் ஐயா என்றேன். "வெறுங் காத்தையா இம்புட்டுக் கனமா அடைச்சு வச்சிருக்காக?" என்றார். அவருக்கு விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை.

ஒரு சிலிண்டர் என் முதுகில். இன்னொன்று மலைச்சாமிக்கு, அதை என் விலாப்பக்கம் இரண்டு கொக்கியில் தொங்கவிட வேண்டும். இதில் ஒரு சட்டம் உண்டு. கொக்கியும் சிலிண்டரும் இரும்போடு இரும்பாகச் சேரக்கூடாது, நடுவில் நூல்கயிறு இருக்க வேண்டும். உள்ளே கொக்கி திறக்காமல் சிக்கிக்கொண்டால் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டுப் பிழைக்கலாம். அப்படித்தான் கட்டினேன். தவசிமுத்து அந்தக் கயிற்றையே பார்த்தான்.

"என்ன அத்தான், நூலு?"

"நூலுதான். தொடாத."

"மில்லுல இப்படிக் கட்டுனா சூப்பர்வைசர் மூஞ்சில துப்புவாரு."

"இது மில்லு இல்லலே. தொடாத!"

"சரி அத்தான்" என்றான். நானும் நம்பித் தொலைத்தேன். முதுகுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் வடம் இறக்குவது என்று ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். படியில் இறங்கும்போது அவனே மற்றதை என் விலாவில் மாட்டிவிட்டான்.

சுரங்கத்தில் தண்ணீர் ஒரே கலங்கல். பாதி வழியில் சுரங்கம் குறுகியது. விலாவில் தொங்கிய சிலிண்டர் பாறை இடுக்கில் செருகிக்கொண்டது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. கொக்கியைத் திறந்தேன், திறக்கவில்லை. பரவாயில்லை என்று கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன். கத்தி வழுக்கியது. தடவிப் பார்த்தேன். கம்பி! இரண்டாக மடித்து, கொக்கியின் நாக்கையும் சேர்த்து முறுக்கிய இரும்புக் கம்பி. பயத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. வாயில் குழாய் மட்டும் இல்லையென்றால் தவசிமுத்துவின் ஏழு தலைமுறையையும் வைதிருப்பேன். அப்புறம்தான் பயந்தேன். நன்றாகவே பயந்தேன். என் வீட்டுக்காரி செல்லத்தாய் முகம் வந்து நின்றது.

அப்போது எதிரே இருட்டிலிருந்து ஒரு கை வந்து என் தோளைப் பிடித்தது. என் டார்ச் வெளிச்சம் பார்த்து மலைச்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி வந்திருக்கிறார். அவர் கையை இழுத்துக் கம்பிமேல் வைத்தேன். தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். போனவர் உளியோடு திரும்பி வந்தார். கம்பிக்குள் உளியைக் கொடுத்துத் திருகினார். மூச்சுக்குப் போனார், வந்தார், திருகினார். இரண்டு கொக்கியிலும் கம்பி தெறித்தது. சிலிண்டரை இடுக்கிலிருந்து உருவி முன்னால் தள்ளிக்கொண்டே அவர் பின்னால் போய்த் தலையை வெளியே எடுத்தேன்.

"நீரு எந்த ஊரு?" என்றார். கழுத்தளவு தண்ணீரில், காற்று தீரப்போகிற பொந்தில், மனுசன் கேட்ட முதல் கேள்வி அது.

"தளவாய்புரம்."

"அங்கதான் எந் தங்கச்சியைக் குடுத்திருக்கு. யாரு மகன்?"

"அண்ணாச்சி, மேல போய்ப் பேசுவோம். இதைக் கடிச்சுக்கோங்க. மூக்கைப் பொத்திக்கிட்டு வாயால மூச்சு விடுங்க. மூச்சை மட்டும் அடக்கிறாதீக."

தலையாட்டினார். சொன்னபடியே செய்தார். அன்றைக்கு என் பேச்சைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

மேலே வந்ததும் வெள்ளத்தாய் அவர் தலையைத் துவட்டவும் வையவும் ஆரம்பித்தாள். நான் தவசிமுத்துவைத் தேடினேன். இன்ஜின் பக்கம் நின்றான்.

"கயிறு எங்கலே?"

"நூலுல உசிரை மாட்டிக்கிட்டுப் போறீக. உள்ள அத்துக்கிட்டுப் போச்சுன்னா அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

ஓங்கி ஒன்று விட வேண்டும் என்று கையைத் தூக்கினேன். அவன் விரல் நுனியெல்லாம் கிழிந்து ரத்தம். பிளையர் கிடைக்காமல் கையாலேயே முறுக்கியிருக்கிறான், பாவி. கை தானாக இறங்கியது. வாய் இறங்கவில்லை.

"உங்க அக்கா கழுத்துல கிடக்கதும் நூலுதாம்லே. அதுக்கும் கம்பி சுத்துவியா? இன்னைக்கு அதை அறுக்க வச்சிருப்ப!"

தவசிமுத்து அழுதுவிட்டான். சட்டைப்பையிலிருந்து என் நூல்கயிற்றை எடுத்து நீட்டினான். மடித்து, பத்திரமாக வைத்திருந்தான்.

"இப்ப கட்டு. நான் பாக்கேன்" என்றேன்.

நான் சொன்ன மாதிரியே கட்டினான். நான் துண்டை எடுக்கத் திரும்பியதும், பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொரு முடிச்சு போட்டான். கத்தியை வைத்துப் பார்த்தேன். அறுபடும். விட்டுவிட்டேன்.