பயிர்க்காவல் துப்பாக்கி

சூசைப்பாளையத்தில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர் வியாகுலம் ஒருவர்தான். அந்த ஊரில் தாசில்தாரைப் பார்த்தவர்கள் உண்டு, கலெக்டரின் காரைப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் கலெக்டரின் கையெழுத்தையே டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர் அவர் மட்டும்தான். ஆகையால் அவர் தெருவில் இறங்கினால் சர்க்காரே செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கியது போல இருக்கும்.

வாய் வழியே கரிமருந்தைக் கொட்டி, மேலே ரவையைப் போட்டு, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் குத்திக் கெட்டிக்கிற பழைய துப்பாக்கி அது. கடலைக்காட்டைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. இந்த ஏற்பாடு பன்றிகளுக்குத் தெரிவிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அவை வழக்கம்போல வந்து, வழக்கம்போலத் தின்றுவிட்டுப் போயின. மனிதர்களிடம்தான் துப்பாக்கிக்கு மரியாதை இருந்தது. வருஷத்தில் இரண்டு மூன்று தடவை வியாகுலத்தின் வீட்டிலிருந்து தெருவுக்குப் பன்றிக்கறி பங்கு போகும். கறியோடு கதையும் போகும். இருட்டில் கண் மட்டும் மின்னியதாம், அந்தக் கண்ணிலேயே வைத்தாராம். அந்தோணியார் திருவிழாவில் தேர் கிளம்புவதற்கு முன் அவர் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைக்க வேண்டும். வானம் பெரியது, அதில் அவர் குறி ஒருநாளும் தப்பியதில்லை.

எண்பத்து நாலாம் வருஷக் கடைசியில் தேர்தல் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, தேர்தல் முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். எல்லாத் தேர்தலுக்கும் நடப்பதுதான். ஆனால் இந்தத் தடவை காலம் சரியில்லை. மலைப்பக்கம் தீவிரவாதிகள் நடமாடுகிறார்கள் என்று தனிப்படை ஒன்று இறங்கியிருந்தது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் சிலர் நடந்து திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் பேப்பரில் இரண்டு வரியாக வந்தார்கள்: அவர்கள் சுட்டார்களாம், போலீசார் திருப்பிச் சுட்டார்களாம்.

ஒப்படைக்கக் கிளம்பும்போதே அவர் மனைவி இன்னாசியம்மாள் ஒரு சாக்கை எடுத்து நீட்டினாள்.

"இதுல சுத்திக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போங்க."

"மறைச்சு எடுத்துட்டுப் போறவன் திருடன். நான் லைசென்சு வச்சிருக்கறவன். தோள்லதான் வச்சுப் போவேன்."

"தோள்ல வச்சா ரோடே பாக்குமுங்க."

"பாக்கட்டுமே."

பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் வெளுத்த சட்டையை எடுத்துப் போட்டிருந்தார். முந்தின இரவு பன்றிக்காகக் கெட்டித்த மருந்து துப்பாக்கியிலேயே கிடந்தது. அந்த மாதிரித் துப்பாக்கியில் ஒரு தடவை கெட்டித்ததை வெடித்துத்தான் காலி செய்வார்கள். பாறையைப் பார்த்து வெடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தார். காலைப் பூசைக்கு மணி அடித்துவிட்டதால் விட்டுவிட்டார்.

பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றவில்லை. "சாமி, அதோட ஏறுனீங்கன்னா டிக்கெட்டுக் குடுக்க எனக்குக் கை நடுங்கும்" என்றான். இதை வியாகுலம் மரியாதையாகவே எடுத்துக்கொண்டு நடந்தார். இன்னாசியம்மாள் சாக்கை மடித்து இடுக்கிக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்தாள். இந்த மனுஷன் எப்போது எந்த மேட்டில் தடுக்கி விழுவார் என்று கல்யாணமான நாள் முதல் பின்னால் நடந்தே அவளுக்குப் பழகியிருந்தது.

ஊர்ப் பாதை பெங்களூர் ரோட்டைத் தொடுகிற இடத்தில் கவுஸ் பாஷாவின் டீக்கடை. தொப்பூர்க் கணவாயை ஏறி வந்த லாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு அங்கே ஒரு ஜீப்பும் நின்றது.

"நில்றா! துப்பாக்கியக் கீழ போடு!"

வியாகுலத்தை யாரும் 'டா' போட்டதில்லை. ஆகவே அது வேறு யாருக்கோ என்று எண்ணி அவர் நடந்துகொண்டே இருந்தார். ரைஃபிள்கள் எல்லாம் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துத் திரும்பியிருப்பதைக் கண்ட பிறகுதான் அந்த 'டா' தனக்கானது என்று புரிந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர். பயிற்சி முடித்த கையோடு தனிப்படைக்கு வந்தவர். தீவிரவாதி எப்படி இருப்பான் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வந்ததிலிருந்து ஒருவனும் அப்படி இல்லை. கூடப் படித்த இருவரின் போட்டோ பேப்பரில் வந்துவிட்டது. இவர் தினமும் மீசையைத் திருத்திக்கொண்டு காத்திருந்தார்.

"எங்கய்யா போறே, துப்பாக்கியோட?"

"ஸ்டேஷனுக்குத்தானுங்க."

"ஸ்டேஷனுக்கா?" எஸ்.ஐ.யின் கை இடுப்புக்குப் போயிற்று.

"ஒப்படைக்கிறதுக்குங்க. எலெக்சனுக்கு."

"பட்டப்பகல்ல, ஊரே பாக்கற மாதிரித் தோள்ல வச்சுக்கிட்டா? ஜனங்களை மிரட்டுறியா? ஒழுங்கான ஆளுன்னா மறைச்சுல்ல கொண்டு போவான்?"

"மறைச்சுக் கொண்டு போனா…"

"மறைச்சுக் கொண்டு போனா அதுக்குத் தனி செக்‌ஷன் இருக்கு."

வியாகுலம் லைசென்சை எடுத்து நீட்டினார். அதிலிருந்த போட்டோவில் சுருட்டை முடியும் கிருதாவுமாக ஒரு வாலிபன் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தான். எஸ்.ஐ. படத்தைப் பார்த்தார், வழுக்கையைப் பார்த்தார்.

"இது துப்பாக்கிக்கு லைசென்ஸ். சரி. நீதான் இவன்னு எவன் சொல்றது?"

வியாகுலத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஏட்டு மாதப்பன் அங்கேயே நிற்கிறாரே! போன ஈஸ்டருக்கு வியாகுலத்தின் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நல்லி எலும்பை உறிஞ்சியவர் மாதப்பன்.

"ஏட்டய்யாவைக் கேளுங்க சார்!"

மாதப்பனுக்கு நல்லி எலும்பு ஞாபகம் வந்தது. அது காட்டுப்பன்றியின் எலும்பு என்பதும், காட்டுப்பன்றியைக் கொன்று தின்பது குற்றம் என்பதும் கூடவே ஞாபகம் வந்தன.

"எங்கியோ பாத்த மொகம்தானுங்க சார்" என்றார் தார் ரோட்டைப் பார்த்தபடி. "ஆனா டூட்டியில இருக்கறவனுக்கு எல்லா மொகமும் எங்கியோ பாத்த மாதிரியேதான் இருக்குதுங்க."

எஸ்.ஐ. துப்பாக்கியை வாங்கி, கெட்டிக்கிற கம்பியைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தார். கம்பி முழுசாக இறங்கவில்லை.

"லோடு பண்ணியிருக்கு! ஒப்படைக்கப் போறவனுக்கு லோடு எதுக்குடா?"

"பன்னிக்குங்க…"

"ஸ்டேஷன்ல பன்னி இருக்கா?"

ஒரு கான்ஸ்டபிள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக நிமிர்ந்து நின்றான். வியாகுலத்தின் வெளுத்த சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜீப்பின் பின்பக்கக் கதவைத் திறந்து வைத்தார்கள்.

அந்த நேரத்தில் சைக்கிளில் வந்து இறங்கினார் உபதேசியார் சவரிராயன். கோயிலில் சாமியாருக்கு அடுத்தபடி பேசுகிறவர். யாரும் கேட்காவிட்டாலும் சாட்சி சொல்கிற குணம்.

"சார், சார்! இவரு எங்க வியாகுலமுங்க. தங்கமான மனுசன். இவரு துப்பாக்கி வெடிச்சாத்தான் எங்க அந்தோணியார் தேரே நகருமுங்க!"

"தேர்க் கூட்டத்துல வெடிப்பாரா?"

"ஆயிரம் சனம் நிக்குமுங்க. அத்தனை பேர் மத்தியிலயும் டம்முனு…"

"பயிருக்குக் குடுத்த துப்பாக்கிய ஆயிரம் பேருக்கு நடுவுல சுட்டிருக்கான். எழுதிக்கங்க, ஏட்டு." எஸ்.ஐ.க்கு முகம் மலர்ந்தது. "லைசென்சுல இருக்கற ஆள் இவன்தான்னா அது ஒரு கேசு. இவன் அந்த ஆள் இல்லைன்னா இது வேற கேசு. எது வேணும்னு கேளு."

உபதேசியார் சைக்கிளைத் திருப்பினார். போகும்போது, "குறி தப்பவே தப்பாதுங்க சார், பன்னியக் கண்ணுலயே வைப்பாரு" என்று கடைசியாக ஒரு நல்ல வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார்.

"குறி தப்பாது" என்று எஸ்.ஐ. மெதுவாகத் திருப்பிச் சொன்னார். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து இன்னாசியம்மாள் ரோட்டிலேயே விழுந்தாள்.

"சாமி, அத்தனையும் பொய்யிங்க! இந்த மனுசன் ஒரு பன்னியக்கூட சுட்டதில்லீங்க! ஒண்ணே ஒண்ணுகூட இல்லீங்க!"

லாரிக்காரர்கள் டீ கிளாசோடு திரும்பினார்கள்.

"வாயை மூடுடி" என்றார் வியாகுலம், ரைஃபிள்களுக்கு நடுவிலும்.

"மூட மாட்டேன். மாதாவே வந்து சொன்னாலும் மூட மாட்டேன். கம்பைநல்லூர் பக்கமிருந்து பன்னிக்கு வலை கட்டறவங்க வருவாங்க சாமி, அவங்ககிட்டக் கறிய வாங்கி, ராத்திரியே வூட்டுக்குக் கொண்டாந்துடுவாரு. காலையில நான் சுட்டேம்பாரு. நாங்க வளத்த எருமைக் கன்னுக்குட்டி ஒண்ணு கொட்டாயில கட்டிக் கெடந்துச்சு. பன்னின்னு நெனச்சு அதைப் பாத்து வெடிச்சாரு. அதுமேலகூடப் படலீங்க! கொட்டாய் ஓடுதான் ஒடஞ்சுச்சு!"

கவுஸ் பாஷா சிரிப்பை அடக்க ஆற்றாமல் டீ ஆற்றினார். ஊர்க்காரர்கள் சிலர் இத்தனை காலம் தின்ற கறியை மனசுக்குள் மறுபடி மென்று பார்த்தார்கள். வியாகுலம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாழ்நாளில் அப்படிக் குனிந்து யாரும் பார்த்ததில்லை. அந்தக் குனிவைப் பார்த்ததும் இன்னாசியம்மாளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இப்போதுதான் பார்ப்பதற்குச் சம்சாரி மாதிரி இருக்கிறார்.

எஸ்.ஐ. யோசித்தார். எதிரில் நிற்பது வெறும் பீற்றல்காரன் என்றால் போட்டோ போச்சு. கூட்டமும் பார்த்துக்கொண்டிருந்தது, கூட்டத்துக்கு முன்னால் நீதி வழங்குவது அவருக்குப் பிடித்திருந்தது.

"சரி. சோதிச்சுப் பாத்துடலாம்" என்றார். டீக்கடைத் தண்ணீர்ப் பானையை எடுத்துவரச் சொல்லி, ரோட்டோரப் புளியமரத்தடியில், ஆள் இல்லாத பக்கமாக வைக்கச் சொன்னார். "தீவிரவாதிக்கு ட்ரெய்னிங் இருக்கும். பானை ஒடஞ்சா ஜீப்புல ஏறு. தப்புச்சுன்னா நீ சம்சாரி, துப்பாக்கியக் குடுத்துட்டு வூட்டுக்குப் போ."

"வேணும்னே தப்பாச் சுட்டான்னா சார்?" என்று மாதப்பன் கேட்டார். தன் விசுவாசத்தை எங்காவது காட்ட வேண்டியிருந்தது.

"பின்னாலயே நின்னு குழாயப் பாப்பேன். பானையக் குறி பாக்காம வேற எங்கயாவது திருப்பினா, அப்பவே தெரிஞ்சிடும்."

இன்னாசியம்மாள் எழுந்து வந்து, துப்பாக்கியைத் திரும்பக் கையில் வாங்கும் புருஷனின் காதருகே சொன்னாள்:

"பானையவே நேராக் குறி பாருங்க. உங்களுக்கு அதான் பத்திரம்."

வியாகுலம் அவளை ஒரு தடவை பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். மருந்தைப் பற்றவைக்கிற பொட்டுக் கேப் ஒன்றை வைத்து, அதை அடிக்கும் குதிரையைப் பின்னுக்கு இழுத்து, துப்பாக்கியைத் தோளில் பொருத்தினார். கை நடுங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, அந்தோணியாரே, இன்னைக்கும் தப்பணும், எல்லா நாளும் தப்பின மாதிரியே இன்னைக்கும் தப்பணும் என்று வேண்டினாள். பின்னால் யாரோ ஒரு லாரிக்காரன், "எருமைக் கன்னு ஓடிடப் போவுதுண்ணே!" என்றான். கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பில் வியாகுலத்தின் கை நடுக்கம் நின்றுவிட்டது.

வெடித்தது. புகை முகத்தை மூடியது. புகை விலகியபோது புளியமரத்தடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பானை இருந்த இடத்தில் கழுத்து வளையம் மட்டும் கிடந்தது.

யாரும் எதுவும் யோசிப்பதற்குள் கூட்டம் கைதட்டிவிட்டது. லாரிக்காரன் விசிலே அடித்தான். கவுஸ் பாஷா பானையை மறந்து, "அல்லா, நடுவுலயே வச்சாருய்யா!" என்றார். தட்டிய கைகள் ஜீப்பைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக நின்றன.

எஸ்.ஐ. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ட்ரெய்னிங்" என்றார். ஜீப்பைக் கைகாட்டினார்.

"தவறிப் பட்டுடுச்சு சாமி! சத்தியமாத் தவறிப் பட்டதுங்க!" இன்னாசியம்மாள் ஜீப்பின் பின்கதவைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு பானை வைங்க! இன்னும் பத்துப் பானை வேணும்னாலும் வைங்க! ஏட்டய்யா, உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, எங்க வூட்டுச் சோத்தைத் தின்னீங்களே!"

மாதப்பன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். மெதுவாகத்தான் எடுத்தார்.

ஜீப் கிளம்பியது. ஸ்டேஷனுக்குப் போவதானால் அதியமான்கோட்டைப் பக்கம் திரும்ப வேண்டும். அது மலைப் பாதையில் திரும்பியது. அதைப் பார்த்த ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இன்னாசியம்மாள் செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் வியாகுலம் உட்கார்ந்திருந்தார். பயம் முகத்தில் இருந்தது. ஆனால் முகத்துக்குக் கீழே, தோள் விரிந்து, நெஞ்சு நிமிர்ந்து, திருவிழாவில் தேருக்கு முன்னால் நிற்பது போலவே உட்கார்ந்திருந்தார். கைதட்டிய ஜனங்களின் பக்கமே அவர் கண் இருந்தது.

"குனிஞ்சு உக்காருங்க!" என்று அவள் கத்தினாள். "சேசுவே, இப்பவாச்சும் குனிஞ்சு உக்காருங்களேன்!"

ஜீப் வளைவில் மறையும் வரை அவர் குனியவில்லை.