இடது பக்கம் என் தப்பு

மனைவியின் நகப்பாலிஷை அழிக்கும் திரவம், பழைய ஸ்டிக்கர் விட்டுப்போன பிசினை மட்டும்தான் எடுக்கும் என்று மொழிபெயர்ப்பாளர் மனதார நம்பினார். பஞ்சில் நனைத்து, லேப்டாப்பில் இடது மணிக்கட்டு படும் இடத்தை அழுத்தித் துடைத்தார். பிசின் போயிற்று. துணைக்குக் கறுப்புப் பூச்சையும் கூட்டிக்கொண்டு போயிற்று. உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் பல்லிளித்தது.

வலது பக்கத்தை அவர் துடைக்கவே இல்லை. வாங்கி ஒரு வருஷம் ஆவதற்குள் அது தானாகவே உரிந்திருந்தது. ஆனால் இடது பக்கத்தைப் பார்த்தபிறகு இதை யார் நம்புவார்கள்?

"மாமா கை பட்டா தங்கமும் தகரமாயிடும்!" என்றான் மைத்துனன்.

"அது வேர்வையா? ஆசிட்டு," என்றாள் மனைவி.

கைக்குழந்தையைத் தூக்கப் போனால், "பாத்து, கலர் போயிடப் போகுது" என்று ஒரே சிரிப்பு. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, சட்டைக் கையை உள்ளங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு பிள்ளையைத் தூக்கப் பழகியிருந்தார். ஒருநாள் அது அவருக்கே உறைத்தது. சட்டையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பினார்.

"இதெல்லாம் யூசேஜைப் பொறுத்தது சார்," என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

"இடது பக்கம் என் முட்டாள்தனம். ஒத்துக்கறேன். வலது பக்கம்?"

"சிலருக்கு வேர்வை கொஞ்சம்..."

"மாத்தித் தரவே வேண்டாம்மா. என் கையா, உங்க பூச்சா? ஒரே வார்த்தை."

"பொதுவா பாத்தா சார்..."

"நான் மொழிபெயர்க்கறதே கம்பெனிக்காரங்க மழுப்பலைத்தாம்மா. வாசனையிலயே கண்டுபிடிச்சிடுவேன்."

நாற்காலியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டோக்கன்கள் நகர்ந்தன, அவர் நகரவில்லை. கூட்டம் வடிந்தது.

"கடை சாத்தணும் சார்."

"தாராளமா சாத்துங்க. என்னை உள்ள வச்சே சாத்துங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் லேப்டாப்பை மூடப் போனாள். அதுவும் அதே மாடல். மணிக்கட்டு படும் இரண்டு இடத்திலும் பூப்போட்ட ஸ்டிக்கர்.

அவர் எழுந்து வந்தார். "அதுக்கு அடியில என்னம்மா இருக்கு?"

அவள் மேனேஜர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, ஸ்டிக்கரை உரித்தாள். அடியில் மொட்டை உலோகம்.

"எனக்குக் கை வேர்க்கவே வேர்க்காது சார்," என்றாள். "பூச்சுதான் மட்டம். உங்க கைக்கு ஒரு குறையும் இல்ல."