முதுகில் பட்டாணி

சலூன் கதவைத் திறந்ததுமே அவன் மகளிடம் பேச்சுவார்த்தையை ஆரம்பித்துவிட்டான்.

"பட்டாணி, இன்னைக்கு மட்டும் அப்பா மானத்தக் காப்பாத்துடி."

ஏழு மாதப் பட்டாணி பதிலுக்கு ஒரு எச்சில் குமிழி விட்டாள்.

விஷயம் இதுதான். பஸ் ஓட்டும் அவன் மனைவிக்குப் பிரசவ லீவு முடிந்து இன்று முதல் நாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் அவளுக்கு உயிரே வரும். இருந்தும் கிளம்பும்போது, "மதியம் வந்து பார்ப்பேன். ரெண்டு பேர்ல யார் அழுதுட்டு இருந்தாலும் வேலைய விட்டுடறேன், ஆமா," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சொன்னால் செய்துவிடுகிற ரகம் அவள்.

பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்ளும் நீளமான நெசவுத் துணியையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பலமுறை சொல்லியும் கொடுத்திருந்தாள். குனி, பிள்ளையை முதுகில் ஏற்று, துணியைப் பரப்பு, தோள்வழியே முன்னால் கொண்டுவா, இழு, முடிச்சுப் போடு.

முதலில் வந்தவர் கணக்கு வாத்தியார். அவரை உட்கார வைத்துவிட்டு, பட்டாணியைக் கட்டிக்கொண்டு கத்தரியை எடுத்தான். வாத்தியாரின் வலது பக்கம் முடிவதற்குள் பட்டாணி அவன் இடுப்புக்கு இறங்கிவிட்டாள்.

"தம்பி, சரக்கு இறங்குதுப்பா!"

அவிழ்த்துக் கட்டினான். இறங்கினாள். மறுபடி கட்டினான். மறுபடி இறங்கினாள். அழுகை தெருமுனை வரை கேட்டது.

"இப்படியே விட்டுடாதப்பா. பாதி போக மீதி எவ்வளவுன்னு பசங்க என்னையே கேப்பாங்க."

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த முறை கட்டும்போது தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தான். முடிச்சுப் போட்ட கை, தன்பாட்டுக்கு ரெண்டு விரலை உள்ளே விட்டுத் துணியைத் தளர்த்திக்கொண்டிருந்தது!

"அட எருமை!" என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

எல்லாம் தொழில் பழக்கம். வாடிக்கையாளர் கழுத்தில் துணி கட்டினால், மூச்சு முட்டாமல் இருக்க ரெண்டு விரல் விட்டுத் தளர்த்தாமல் அவனால் இருக்க முடியாது.

வாத்தியாரும் பார்த்துவிட்டார். "எனக்குத் தளர்த்துறது சரி. அவ என்ன கிராப்பு வெட்டிக்கவா வந்திருக்கா?"

இந்த முறை ஒவ்வொரு மடிப்பாகப் பிடித்து இழுத்து, முடிச்சுப் போட்டதும் விரல்களை எடுத்துவிட்டான். லேசாக ஆடிப் பார்த்தான். பசை போட்டமாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாள் பட்டாணி.

அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். எதிரே கண்ணாடியில் ஒரு பக்கம் காடும் ஒரு பக்கம் பொட்டலுமாக வாத்தியார். அழுகை சட்டென்று நின்றது. கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு! வாத்தியார் புருவத்தைத் தூக்கிக் காட்டினார். இன்னொரு சிரிப்பு. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் முடிவெட்டிக்கொண்டதைவிட முகத்தைக் கோணிக் காட்டியதுதான் அதிகம்.

மதியம் யூனிஃபார்மோடு மனைவி வந்தபோது, பட்டாணி அப்பா முதுகில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் ஆசையாகக் கை நீட்டினாள்.

"உஷ்! தொட்டே, தொலைச்சுடுவேன். இப்பதான் கண்ணசந்தா."

"பெத்தவளுக்கே தடையா?"

முகம் துணிக்கு வெளியே இருக்கிறதா, கால் சரியாக மடங்கியிருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

"நாளைக்குக் காலைல முதல் பஸ் எடுக்கறியான்னு டிப்போவுல கேட்டாங்க. யோசிச்சு சொல்றேன்னேன்."

"யோசிச்சாச்சா?"

"இதோ, போய்ச் சொல்லிடறேன்!" வாசல்வரை போனவள் திரும்பி வந்து, மகளின் குண்டுப் பாதத்தில் சத்தமில்லாமல் ஒரு முத்தம் வைத்தாள்.

"எனக்கு?" என்றான் அவன்.

"வேலை நேரத்துல என்ன பேச்சு? நாற்காலில ஆள் உக்காந்திருக்கார், பாருங்க," என்று சொல்லிவிட்டு, வாயெல்லாம் பல்லாக பஸ்ஸை நோக்கி ஓடினாள்.